சார்ந்திருப்போர்

பேக்கர்ஸ்ஃபீல்டில்
டயர்க் கடைக்கும் மீன் வறுக்கும் கடைக்கும் நடுவே
என் வரிக்கணக்கு அலுவலகம்.
மார்ச் மாதம் வந்தால்
எல்லோர் வருமானத்திலும் எண்ணெய் வாசம்.

பர்வீந்தர் கவுர் வந்தபோது
கையில் ஒரு பை நிறையக் கடிதங்கள்.
ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.
பிரிப்பது அவர் வேலை, என்றாள்.
அவர் என்றால் நிர்மல்ஜித்.
ஜனவரியில், டீசல் பம்பருகே,
லாரியின் தாகம் பாதி தீர்ந்திருந்தபோது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.
செய்தி பார்த்த இரவு
எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல.
கண்ணாடியில் என் தலையைப் பார்த்தேன்.
சொட்டை. யார் கண்ணையும் உறுத்தாத
வெறும் சொட்டை.
அப்பாடா என்றது உள்ளே ஏதோ ஒன்று.
அந்த அப்பாடாவை
எந்தச் சோப்புப் போட்டுக் கழுவ?
மறுநாள் குருத்வாராவுக்குப் போனேன்.
படிவம் நிரப்பத் தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

அங்கே எல்லோரும் ஏதோ கொடுத்திருந்தார்கள்.
அவள் வீட்டுக் கூடத்தில் முப்பது மூட்டை கோதுமை மாவு.
வங்கிக் கணக்கின் கடவுச்சொல்தான்
யாரிடமும் இல்லை.

ஒன்பது பக்கப் படிவம்.
அவள் பஞ்சாபி, என் ஓட்டை இந்தி,
நடுவே மகள் அஸீஸ், பதினொரு வயது,
கேட்கக் கூடாததையெல்லாம்
மொழிபெயர்த்துக்கொண்டு.

சார்ந்திருப்போர் எத்தனை பேர்?
மனைவி. அஸீஸ். நான்கு வயது ஏகம்.
ஏகம் என்றால் எங்கள் மொழியிலும்
ஒன்றுதான், என்றேன்.
அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.
பிறகு மோகாவில் மாமனார்,
வாரம் இருமுறை டயாலிசிஸ்.
கொழுந்தன், கடைசி வருஷப் படிப்பு.
ஊரில் ஒரு டிராக்டர் கடன்,
அதுவும் அவரைத்தானே சார்ந்திருந்தது?
படிவத்தில் இருந்தது நான்கு வரி.
இணைப்பு என்று தனித்தாள் சேர்த்தேன்.

ஏழாம் பக்கம்:
சம்பவத்துக்கு இறந்தவர்
எவ்விதத்திலாவது காரணமா?

புரட்டிவிடப் பார்த்தேன்.
அவள் விரல் சரியாக அங்கே வந்து நின்றது.
இது என்ன?
அஸீஸை வெளியே தண்ணீர் பிடித்துவர அனுப்பிவிட்டு
என் ஓட்டை இந்தியில் சொன்னேன்.

அன்று புதுத் தலைப்பாகை, என்றாள்.
கடுகுப்பூ நிறம். ஐந்து மீட்டர்.
ஒரு முனையை நான்தான் பிடித்திருந்தேன்,
மடித்து இழுத்துச் சரியாக்கும் வரை.
அதை எழுத வேண்டுமா?

பக்கத்துக் கடையில் எண்ணெய் சீறியது.

இல்லை என்று போடுங்கள், என்றாள் பிறகு.
பெரிய எழுத்தில்.

லாரிக்கு இன்னும் முப்பத்தொரு தவணை.
பதினோரு பேர் முறைவைத்து ஓட்டுகிறார்கள்,
தங்கள் ஓய்வு நாளில்,
சால்ட் லேக் போய்த் திரும்பி.
கூலி அவள் கணக்குக்கு.
நெடியவர் நிர்மல்ஜித் பின்னால் தள்ளி வைத்த இருக்கையை
இதுவரை யாரும் நகர்த்தவில்லையாம்.
குட்டைக்கால் பல்கார் முதுகுக்கு இரண்டு தலையணை முட்டுக்கொடுத்து
ஆயிரத்து முந்நூறு மைல் ஓட்டிவிட்டு
இடுப்பைப் பிடித்தபடி
டீசல் ரசீதுகளோடு என் வாசலில் நின்றான்.

அவளிடம் சொன்னேன், உருகிப்போய்.
அவள் உருகவில்லை.
இருக்கையை முன்னால் தள்ளச் சொல்லுங்கள்,
அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்,
பிரேக் எட்ட வேண்டாமா, என்றாள்.

கடைசியில் கட்டணம்.
பூஜ்யம் போட்டேன்.
ரசீதைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்.
பூஜ்யம் போட்டால்
அடுத்த வருஷம் எந்த முகத்தோடு வருவேன்?
சுவரில் எழுபத்தைந்து என்று
நீங்கள்தானே எழுதி ஒட்டியிருக்கிறீர்கள்?

எழுபத்தைந்து என்று எழுதினேன்.
எண்ணி வைத்தாள்,
ஐந்து டாலர் நோட்டுகளாக, பதினைந்து.
அஸீஸ் ஒருமுறை சரிபார்த்தாள்.